நான் ஒளித்துவைத்த ஆஸ்பத்திரி நோட்டு

தம்பி,

இதைப் படிக்க ஆரம்பிக்கும்போது அபிராமி பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்காரச் சொல். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வரட்டும், கடிதம் நீளம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் பொய்தான் சொல்வேன். முப்பத்தோரு வருடம் வகுப்பறையில் பேசிப் பேசிப் பழகிய வாய், எதிரில் இருப்பவர் முகத்துக்குத் தகுந்த மாதிரி பேச்சைத் திருப்பிவிடும். எழுதும்போது அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் குறைகிறது. இதன் நகல் ஒன்று சிதம்பரத்தில் இருக்கும் உன் மாமியாருக்கும் போகிறது. போன தடவை அபிராமியின் வளைகாப்புக்கு வந்து வாழ்த்திச் சாப்பிட்டுப் போன சொந்தக்காரர்களில் யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு நான் அப்படி எழுதவே இல்லை என்று மாற்றிப் பேச முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். அபிராமிக்கு மூன்று மாதம் என்று சொன்னபோது உன் குரலில் இரண்டு வருடமாக நான் கேட்காத சந்தோஷம் இருந்தது. அடுத்து நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன். "அந்த மிலிட்டரி ஆஸ்பத்திரி வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டோம்மா. போன தடவ பட்டதே போதும். அடுத்த மாசம் லீவு போட்டுட்டு அவள சிதம்பரத்துல கொண்டாந்து வுட்டுடறேன். அத்த இருக்காங்க, நீ இருக்க. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா எனக்கு அது போதும்." நான் "செரிப்பா" என்றேன். போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அப்பா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "சந்தோஷத்துல கூடவா வாந்தி வரும்?" என்று கேலி பேசினார். எனக்கு என்மேல் வந்த அருவருப்பு அது. நீ என்னை நம்பி அவளை அனுப்புகிறேன் என்கிறாய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் முதல் குழந்தை போனதற்கு அந்த ஆஸ்பத்திரி காரணம் இல்லை. அந்த டாக்டரம்மா காரணம் இல்லை. அபிராமி காரணமே இல்லை. நான்தான் காரணம். இதற்குமேல் படிக்கப் பிடிக்காவிட்டாலும் படி. இரண்டாவது குழந்தைக்கும் உன் மனைவிக்கும் எது தேவை என்பது இதற்குள்தான் இருக்கிறது.

உன்னைப் பார்டருக்கு அனுப்பியபோது அவளுக்கு நாலாம் மாதம். கல்யாணம் ஆகி ஒரு வருடம் முடியவில்லை, இந்தி தெரியாது, குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். நான் ரிட்டையர் ஆன புதிது, கிளம்பி வந்தேன். சும்மா வரவில்லை. கடலூரில் நம் செம்மண்டலம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். மருமகளுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள், டாக்டர் எல்லாம் ஆபீசர் ரேங்க் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அங்கே போய்ப் பார்த்தால் காலை ஏழு மணிக்கே டோக்கனுக்கு வரிசை. உன் பேரும் நம்பரும் ரேங்க்கும் போட்ட கார்டை நீட்டினால்தான் எதுவும் நடக்கும். அபிராமி என்று ஒருவர் கூப்பிடவில்லை. நாயக் இன்னாரின் வைஃப் என்றுதான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆபீசர் வீட்டுப் பெண்களுக்குத் திரைச்சீலை போட்ட தனி அறை, மெத்தை நாற்காலி. நமக்கு நடையில் மரப் பெஞ்ச். கடலூரில் நான் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட "வாங்க டீச்சர்" என்று எழுந்து நிற்கிறார்கள். அங்கே ஒரு வார்டு ஆயா "மாதாஜி, சைட்" என்று கையைக் காட்டி என்னை ஒதுக்குகிறாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் வேலை சுத்தமாக நடந்தது என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். போகிற ஒவ்வொரு தடவையும் எடை, பிரஷர், யூரின் பார்த்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்து இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு ஒரு தேதி, ஊசிக்கு ஒரு தேதி, எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். ஒரு தேதி தப்பினால் சிஸ்டர் திட்டுவாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. என்னைத் திட்ட இவள் யார் என்றுதான் தோன்றியது.

டாக்டர் ஒரு மேஜர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அபிராமிக்குப் புரிகிற மாதிரி மெதுவாக ஆங்கிலத்தில் கேட்பார். கேள்வி அவளிடம், பதில் என்னிடமிருந்து போகும். பசி எடுக்கிறதா என்று அவளைக் கேட்டால் நான் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பேன். தூக்கம் வருகிறதா என்றால் அதற்கும் நான். மூன்றாவது தடவை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நோயாளி நீங்களா, இவரா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்றார். பத்துப் பெண்கள் பார்க்க நான் அந்த மரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உள்ளே அபிராமி சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில் அந்த டாக்டரைப் பற்றி, "திமிரு புடிச்சவ, பெரியவங்கன்னு ஒரு மட்டு மரியாத கெடயாது" என்று சொன்னேன். இத்தனை நடந்ததற்கும் விதை இந்த அற்பக் கோபம்தான். பிரசவம் பார்க்கப் போன இடத்தில் எனக்கு நாற்காலி வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம் பிறந்ததும் ஒரு நாள் பிரஷர் பார்த்தார்கள். இடது பக்கமாகப் படுக்கவைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். யூரினையும் பார்த்தார்கள். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலி கொடுத்தார், அதையும் எழுதிவிடுகிறேன். பிரஷர் ஏறியிருக்கிறது, யூரினில் புரதம் போகிறது என்றார். கவனமாக இருந்தால் சமாளித்துவிடலாம், விட்டுவிட்டால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. மாத்திரை இரண்டு வேளை, சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும், வாரம் ஒரு முறை இங்கே வர வேண்டும். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருப்பது, முகமோ கையோ வீங்குவது, நெஞ்சுக்குக் கீழே வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும். பிரசவம் வரைக்கும் ரயில் பயணம் கூடாது. இதையெல்லாம் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கோடு போட்டார். நான் சொன்னேன், எங்கள் பக்கத்தில் வளைகாப்பு என்று ஒன்று உண்டு, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று. அவர் சிரித்துக்கொண்டே, "தாயாரை இங்கே வரச் சொல்லுங்கள். வளையல் போட நானும் வருகிறேன், எங்கள் சிஸ்டரும் வருவார்" என்றார். எவ்வளவு நல்ல வார்த்தை. எனக்கு அது நக்கலாகப் பட்டது.

மூன்றாம் நாள் அவளை ரயிலில் ஏற்றினேன். இரண்டு ராத்திரிப் பயணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, இருநூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. எட்டாம் மாதத்தில் செய்யக்கூடாது, ஒன்பதாம் மாதம் வரை யார் காத்திருப்பது? இதெல்லாம் அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையான காரணம் வேறு. உனக்குப் பெண் பார்த்த காலத்தில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் பாதி குடித்த காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நோய் நொடி இல்லாத குடும்பம்தான் வேண்டும் என்று தெருவெல்லாம் பேசியவள் நான். இருபத்து நாலு வயது மருமகளுக்குப் பிரஷர் என்று வெளியே தெரிந்தால் அந்த வாய்கள் சும்மா இருக்குமா? அதனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அந்த நோட்டை வாங்கி என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். அபிராமியிடம், "உங்கம்மாவுக்குச் சொல்லாதம்மா, பயந்துடுவாங்க. மாத்திரைய கேட்டா சத்து மாத்திரன்னு சொல்லு" என்றேன். அவள், "வாரா வாரம் பாக்கணும்னு சொன்னாங்களே அத்த?" என்று கேட்டாள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து வரைந்து பாடம் நடத்திய அறிவியல் டீச்சர் சொன்ன பதில் இது.

வளைகாப்பு வீடியோவை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு "அபி முகம் பளபளன்னு இருக்குதும்மா" என்றாய். அது வீக்கம், தம்பி. கண்ணாடி வளையல் கையில் ஏறவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அளவு கொடுத்து வாங்கியது, கட்டைவிரல் மூட்டிலேயே நின்றது. சுற்றி இருந்த பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "ஏ, சோப்பு எடுத்தாங்கடி!" "வயித்துல ஆம்பளப் புள்ள, அதான் கையி காலெல்லாம் இப்பிடி ஊதிக்கிது." "பொண்ணு நல்லா பூசுனாப்ல ஆயிட்டா, மாமியா ஊட்டு சாப்பாடு ஜாஸ்தி போல." சோப்பு நுரையைத் தடவி ஒவ்வொருத்தியாகப் பிடித்துத் தள்ளினார்கள். இரண்டு உடைந்து மணிக்கட்டில் கீறியது. அவள் என்னைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லுங்கள் அத்தை என்று கேட்கிற பார்வை. எனக்குத் தெரிந்தது. விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிற வீக்கம் அது என்று தெரிந்தது. சிவப்பு மையில் எழுதியிருந்ததும் கண்முன் வந்தது. வீடியோக்காரர் எங்களைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினார், நான் சிரித்தேன். அந்த வீடியோவில் என் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு இருக்கிறது. அதை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை. புளிச்சாதமும் சர்க்கரைப் பொங்கலுமாக ஏழு வகைச் சாதத்தையும் அப்பளம் ஊறுகாயோடு அவளுக்கு ஊட்டிவிட்டோம். உப்பைக் குறை என்று சொன்னவரை ஆயிரத்து ஐநூறு மைலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அன்று சாயங்காலமே அவளை உன் மாமியார் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து அபிராமி எனக்குப் போன் செய்தாள். "அத்த, மாத்திர முடியப்போவுது. இங்க கடையில சீட்டு கேக்குறாங்க. அந்த நோட்ட மாமாகிட்ட குடுத்தனுப்புங்க." சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அப்பா வீட்டில் சும்மாதான் இருந்தார். அனுப்பியிருந்தால் நோட்டு உன் மாமியார் கண்ணில் படும். "அது முடிஞ்சா பரவால்லம்மா, அடுத்த வாரம் நானே வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அடுத்த வாரம் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், இப்படி ஏதோ இருந்தது. எது என்றுகூட இப்போது நினைவில்லை.

அதற்கும் அடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும், உன் மாமியார் போனில் கத்தினார். முந்தின நாள் முழுக்கத் தலைவலி, காலையில் நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறது என்றாளாம். வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அதைக் குடித்த கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே. நானும் அப்பாவும் வாடகைக் கார் பிடித்து, வெள்ளாற்றுப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் கத்தரியின் பிடியால் தட்டித் தட்டி அத்தனை வளையலையும் உடைத்தாள். டாக்டர், "இவுங்களுக்கு முன்னாடியே பிரஷர் இருந்துச்சா? இதுக்கு முன்ன எங்க காட்டுனீங்க, நோட்டு எங்க?" என்று கேட்டார். உன் மாமியார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "மிலிட்டரி ஆஸ்பத்திரியிலதாங்க பாத்தோம். எல்லாம் நார்மல்னுதான் சொன்னாங்க. நோட்டு வர்றப்ப ரயில்ல தொலஞ்சு போச்சு." கண்ணெதிரில் அந்தப் பெண் வாய் கோணிக் கிடக்கிறாள், எனக்கு என் மானம் பெரிதாகத் தெரிகிறது. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்காது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிழைத்திருக்குமா இல்லையா என்பது வேறு. நான் சொல்லவில்லை.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. அழவே இல்லை. நான் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அதுவும் பொய். பார்த்தேன். தலை நிறைய முடி. நீளமான விரல்கள், அபிராமியின் விரல்கள். நெற்றி உன்னுடையது. அப்பா தன் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். நீ பார்டரிலிருந்து லீவு வாங்கி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. வந்ததும் "கொழந்த எங்கம்மா?" என்று கேட்டாய். "எல்லாம் முடிஞ்சிடுச்சுப்பா, நான் பாக்கவே இல்ல" என்றேன். உன் மகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதை இரண்டு வருடம் வைத்திருந்து இப்போது நாலு வரியில் சொல்கிறேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று பாக்கி இருக்கிறது. அபிராமி, நீ கேட்டுக்கொண்டிருந்தால் இது உனக்கு. வார்டுக்கு மாற்றிய அன்று நீ கண் விழித்ததும் என்னிடம், "அத்த, அந்த டாக்டரம்மா ரயில்ல போவக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்று கேட்டாய். உன் தலையைப் பின்னிக்கொண்டே நான் சொன்னேன்: "அத அவன்கிட்ட சொல்லிடாதம்மா. படிச்ச பொண்ணுதான, அப்பறம் ஏன் கெளம்பி வந்தன்னு உன்னத்தான் கேப்பான். நான் யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன். நீயும் வாயத் தொறக்காத." உன்னைக் காப்பாற்றுகிற மாதிரிப் பேசி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். எனக்கு நன்றி சொன்னாய். தம்பி, அவள் இரண்டு வருடமாக உன்னிடம் எதையோ மறைக்கிறாள் என்று நீ ஒரு முறை வருத்தப்பட்டாயே, மறைப்பது இதைத்தான். தன் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைக்கவைத்தவள் நான்.

பிறகு நீ திரும்பிப் போய் அந்த மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சண்டை போட்டாய். போகத் தூண்டிவிட்டதும் நான்தான். தூரத்தில் இருப்பவர்களைத் திட்டுவது சுலபம், அவர்கள் வந்து பதில் சொல்லப்போவதில்லை. டாக்டர், எல்லாவற்றையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், கொண்டுவந்து காட்டுங்கள் என்று உன்னிடம் சொன்னார். நீ வெளியே வந்து அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நோட்டுல என்னாம்மா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாய். "அதுதான் தொலஞ்சு போச்சேப்பா. அப்பிடி ஒண்ணும் எழுதல, நான்தான் பாத்தனே" என்றேன். பீரோ எனக்கு ஐந்தடி தூரத்தில் இருந்தது. நீ உள்ளே போய் ஒரு மேஜரைப் பொய்க்காரி என்று கத்தினாய். உன் சுபேதார் வந்து இழுத்துக்கொண்டு போனார். உனக்கு ஹவில்தார் புரமோஷன் தள்ளிப்போனது அதனால்தான் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நீ அம்மாவை நம்பினாய், அதற்குக் கிடைத்த கூலி அது.

அப்பாவுக்கு இது தெரியும். போன வருடம் பீரோவில் பத்திரம் தேடும்போது நோட்டு அவர் கையில் அகப்பட்டது. அந்தப் பக்கத்தைப் படித்தார், மூடினார், இருந்த இடத்திலேயே வைத்தார். மறுநாள் காலை எப்போதும் போல "காபி போடு" என்றார். நேற்று நான் இதை எழுத உட்கார்ந்தபோது, "எழுதாத. புள்ள நம்மள வுட்டுப் போயிடுவான்" என்று மட்டும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இந்த வீட்டில் இரண்டு பேர் இப்படி ஒரே பொய்யின்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தால் சீ என்று இருக்கிறது.

நோட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கிழித்துவிடலாம், வெந்நீர் அடுப்பில் போட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். செய்யாமல் விட்டது நல்ல மனதால் என்று எண்ணிக்கொள்ளாதே. வீட்டில் எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டேன், அந்தப் பழக்கம்தான். இதைப் படித்து முடித்த மறுநாளே அபிராமியை அங்கே கூட்டிக்கொண்டு போ. அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நீயே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். நல்லதாகப் போயிற்று. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேள். பிறகு நோட்டைக் கையில் கொடுத்து, ஏழாம் மாதத்துக்குப் பிறகு நடந்தது முழுவதையும் அபிராமியைச் சொல்லச் சொல். நீ வாயைத் திறக்காதே. அவளிடம் கேட்டதற்கு நீ பதில் சொல்கிற பழக்கம் உனக்கும் இருக்கிறது, என்னிடமிருந்து வந்தது. ஒரு முறை இப்படி வந்தவளுக்கு மறுபடியும் வரலாம் என்று இப்போது நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை முதல் மாதங்களிலிருந்தே பார்க்க வேண்டும், மாத்திரை ஏதாவது முன்கூட்டியே கொடுப்பார்களா என்று கேட்க வேண்டும். கேட்பது அவமானம் இல்லை. மரப் பெஞ்சில் உட்கார்வதும் அவமானம் இல்லை. வரிசையில் நிற்கவைக்கிறார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எரிச்சல் வரத்தான் செய்யும். திட்டிக்கொண்டே போ, ஆனால் ஒரு தேதி தப்பாமல் போ. வீட்டில் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி அவளையே பார்த்து எழுதச் சொல். தலை வலிக்கிறது என்று அவள் சொன்னால் தைலத்தைத் தேடாதே, வண்டியை எடு. உன் மாமியாரை எட்டாம் மாதத்துக்கு முன்னால் அங்கே வரவழைத்துக்கொள். அவருக்கான நகலை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லப்போகிறேன். அவர் என் முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொண்டு வருவேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் நீ பாவம் பார்த்து மன்னித்துவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். அபிராமி உனக்கு முன்னால் மன்னிப்பாள், அதுவும் தெரியும். கொஞ்ச நாள் இரண்டு பேரும் என்மேல் கோபமாக இருங்கள். அந்தக் கோபம்தான் இந்தப் பிரசவத்துக்குப் பாதுகாப்பு.

ஏனென்றால் நான் திருந்திவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. நாலு மாதம் போகட்டும். காய்கறிக் கடையில் யாராவது, "என்னா டீச்சர், மருமவளுக்கு இந்தத் தடவ ஒண்ணும் பண்ணலியா, அழச்சிக்கிட்டு வரலியா?" என்று கேட்பார்கள். என் புத்தி பழையபடி அங்கேதான் போகும். ஒரு நாள் உனக்குப் போன் செய்வேன். பத்து நாளைக்கு மட்டும் அனுப்பு என்பேன், விமானத்தில் வந்தால் ஆட்டமே இல்லையாம் என்பேன், அழுவேன். எதுவும் பலிக்கவில்லை என்றால் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, மருமகளைப் பார்க்கணும் என்கிறார் என்றுகூடச் சொல்வேன். நான் சொல்லக்கூடியவள். இந்தக் கடிதத்தை எழுதியவளை நம்பு, போனில் அழுகிறவளை நம்பாதே. அபிராமியை அனுப்பாதே.

அப்பாவுக்கு நிஜமாகவே முடியாமல் போனாலும், நீ மட்டும் வா.

அம்மா